தேர்தல் பத்திரமும் வாக்காளர் உரிமையும்

அரசியல் கட்சிகள் இயங்கப் பொருள் வேண்டும். அது யாரிடமிருந்து வருகிறது என்பது மக்களாட்சியின் அடிப்படை வினாவாகும். 2018ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திட்டத்தின்படி, ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தேர்தல் பத்திரங்களைப் பாரத ஸ்டேட் வங்கியில் வாங்கிக் கட்சிகளுக்கு வழங்க முடிந்தது. வழங்கியவர் பெயர் மக்களுக்கு அறிவிக்கப்படவில்லை. பணம் வங்கி வழியே வருவதால் கறுப்புப்பணம் குறையும் எனவும், பெயர் மறைக்கப்படுவதால் கொடையாளர் பழிவாங்கப்படமாட்டார் எனவும் அரசு வாதிட்டது. கொடைக்குக் கைம்மாறாகச் சலுகை பெறப்பட்டதா என்பதை மக்கள் அறிய இயலாது என எதிர்த்தோர் வாதிட்டனர். அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு உணர்த்தும் தகவல் அறியும் உரிமையை இத்திட்டம் மீறுகிறது என, ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு 2024 பிப்ரவரி 15 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தம் வாக்கை மறைவாக அளிப்பது வாக்காளரின் உரிமை. கட்சிக்கு வந்த பணம் யாருடையது என அறிவதும் அவர்தம் உரிமையே.