எங்கும் போகலாம், எதைத் தேர்வது?

கதைமாந்தராக மாறி ஆடும் வீடியோ கேம்களைப் பற்றி நம் மாணவர்கள் பேசக் கேட்டிருப்போம். அவற்றில் கிடைக்கும் சுதந்திரம் இருவகைப்படும்.

முதலாவது, உலாவும் சுதந்திரம். 2011இல் வெளியான 'ஸ்கைரிம்' இதற்குச் சான்று. தொடக்கக் காட்சி முடிந்ததும் மலை, குகை, நகரம் என எங்கும் போகலாம். உலகை அழிக்க வந்த டிராகனை மறந்து மூலிகை பறித்துக்கொண்டிருந்தாலும் கதை காத்திருக்கும்.

இரண்டாவது, தேர்ந்தெடுக்கும் சுதந்திரம். 2007இல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டில், ஆபத்தில் சிக்கிய இரு தோழர்களில் ஒருவரையே காப்பாற்ற முடியும். அந்த முடிவு அடுத்த இரு பாகங்களிலும் தொடரும்.

இரண்டையும் சேர்த்துத் தருவது கடினம். ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனிக் காட்சியும் உரையாடலும் உருவாக்க வேண்டும். ஆடுபவர் எப்போது எங்கே போவார் என்பது தெரியாத பரந்த உலகில் அப்பணி பன்மடங்காகும். போலந்தில் உருவான 'விட்சர் 3' 2015இல் அதற்குத் துணிந்தது. மரத்தடியில் சிறைப்பட்ட ஆவியை விடுவிப்பதா, அழிப்பதா? அதைப் பொறுத்து யார் பிழைப்பார் என்பது மாறும். அதுவும் பிறகே தெரியவரும்.

இம்மூன்றும் அமெரிக்கத் தரப்பகுப்பில் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை. வகுப்பறைக்கு உரியவை அல்ல. ஆனால் அவை உணர்த்தும் வேறுபாடு நமக்குப் பயன்படும். "விருப்பமான தலைப்பில் எழுதுங்கள்" என்பது உலாவல் மட்டுமே. "ஏன் இதை எடுத்தாய்? எதை விட்டாய்?" என்று கேட்கும்போதுதான் அது தேர்வாகிறது. தொடக்க வகுப்பில் கதையைப் பாதியில் நிறுத்தி, குழந்தைகள் சொல்லும் முடிவின்படியே மீதியை நகர்த்திப் பாருங்கள். தம் சொல்லுக்கு விளைவு உண்டு என்பதை அவர்கள் அங்கே கற்பார்கள்.