பழைய சக்கில் புதிய ஜா

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் அருவிக்குப் போகிற பாதையோரக் கடைகளில் நேந்திரங்காய் சிப்ஸுக்கும் மங்குஸ்தானுக்கும் நடுவே மரச் சொப்பும் வந்து உட்கார்ந்துகொள்ளும். உரல், உலக்கை, திருகை, அடுப்பு, குடம் என்று ஒரு அடுக்களையே உள்ளங்கை அளவில் இருக்கும். இந்தப் பக்கத்தில் சொப்பு என்றால் அம்பாசமுத்திரத்துச் சரக்குக்குத்தான் பேர். தென்காசியிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கிற ஊர். அந்தச் சொப்புக்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

அந்தக் காலத்தில் சொப்பு கடைய இரண்டு ஆள் வேண்டும். மரக்கட்டையை இரண்டு இரும்பு முனைகளுக்கு நடுவே பொருத்தி, கயிற்றைச் சுற்றி, ஒருவர் இழுக்க இழுக்க, இன்னொருவர் உளியைப் பிடிப்பார். கட்டை ஒரு இழுப்புக்கு முன்னால் சுழலும், மறு இழுப்புக்குப் பின்னால் சுழலும். முன்சுற்றில்தான் உளி வெட்டும், பின்சுற்றில் சற்று விலகிக்கொள்ள வேண்டும். பாதி உழைப்பு வெட்டாத சுற்றிலேயே போனது. மோட்டார் வந்ததும் கயிறு இழுத்தவர் வேலையும் பின்சுற்றும் ஒன்றாகப் போயின.

மரமும் மாறிவிட்டது. முன்பு மஞ்சக்கடம்பு, தேக்கு, ஈட்டி என்று மலை மரங்களில் கடைந்தார்கள். 1988-ல் களக்காடு, முண்டந்துறை சரணாலயங்கள் ஒன்றாகிப் புலிகள் காப்பகம் ஆயின. 1994-ல் ஈட்டி மரத்தைக் காக்கத் தனிச் சட்டமே வந்தது. இன்று தைலமரமும் ரப்பர் மரமும்தான் கைக்கு எட்டுகின்றன. ரப்பர் மரத்துக்கு ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் போதும், அந்தப் பக்கமெல்லாம் ரப்பர் தோட்டம். ஆனால் மருந்தில் ஊறவைக்காத ரப்பர் மரத்தில் நீலம் பாயும், வண்டு துளைக்கும்.

இதையெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். மரத்தைப் பிடிக்கிற விதம் மாறியதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. கடைசல்காரருக்கோ கவலை அங்கேதான்.

இரண்டு முனைக்கு நடுவே பிடித்த கட்டையில் வெளிப்பக்கம் கடையலாம், குடத்தின் உள்ளே குடைய முடியாது. ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். அதற்குக் கண்ட வழி இரும்புக் குவளை. லேத்தின் தண்டு முனையில் குழிவான ஒரு குவளை இருக்கும். கட்டையின் ஒரு நுனியைச் செதுக்கி அதற்குள் சுத்தியலால் நாலு அடி அடித்து இறுக்கினால் முடிந்தது. திருகு இல்லை, சாவி இல்லை. உளியை ஓட்டி, சுழல்கிற மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி ஒட்டும். தாழை மடலால் தேய்த்தால் பளபளக்கும். பிறகு சொப்பை அறுத்து எடுத்துவிட்டு அதே கட்டையில் அடுத்தது. குவளைக்குள் மிஞ்சுகிற துண்டு அடுப்புக்குப் போகும்.

இன்று வந்திருப்பது நாலு ஜா சக், அதாவது நாலு தாடையால் கட்டையைக் கவ்விப் பிடிக்கிற பிடி. 1980-களின் கடைசியில் நியூசிலாந்தின் நோவா சக் மரக் கடைசலுக்கென்றே இதைப் பரவலாக்கியது. சாவியைத் திருப்பினால் நாலு தாடையும் ஒன்றுபோல நடுவை நோக்கி நகரும். உள்ளே இருக்கிற சுருள் பல் தட்டுதான் நாலையும் சேர்த்து ஓட்டுகிறது. இரும்பு கடைகிற லேத் பட்டறைகளின் மூன்று ஜா சக்கும் இதே தத்துவம்தான். ஆனால் அது மரத்தை மூன்றே இடத்தில் கடித்துத் தழும்பு போடும். மரம் கடைகிற சக்கின் தாடையோ விளிம்பில் புறாவின் வால் மாதிரி சாய்ந்து, கட்டையின் அடியில் கடைந்த குட்டைக் குமிழை நாலா பக்கமும் அணைத்துப் பிடிக்கும். குமிழ் தாடையின் அடித்தளத்தைத் தொடக்கூடாது. கட்டையின் தோள்தான் தாடை மேல் படிந்து உட்கார வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் இருக்கும்.

சக் வாங்குவது ஒரு தடவைச் செலவு. அதன் பிறகு வேலைக்கு ஏற்பத் தாடைகளை மாற்றிக்கொள்ளலாம். பெரிய கிண்ணத்துக்கு அகலத் தாடை, பம்பரத்துக்குச் சின்னத் தாடை, கிண்ணத்தைக் கவிழ்த்து அடிப்பக்கம் கடைய ரப்பர் முளை வைத்த தட்டுத் தாடை. யூடியூபில் யாரோ அந்தத் தட்டுத் தாடையை மாட்டிச் சுற்றுவதைப் பார்த்ததும் இங்கே கை பரபரக்கும். அதை நிமிடத்துக்கு 600 சுற்றுக்கு மேல் ஓட்டக்கூடாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

பத்து வருஷத்துப் பழைய சக்கில் புதுத் தாடை பூட்டும்போதுதான் வம்பு தொடங்கும். நாலு தாடையும் ஒரே வளையத்தை நாலாக அறுத்துச் செய்தவை. அதனால் 1, 2, 3, 4 என்று எண் குத்தியிருப்பார்கள். சக்கின் உடம்பில் நகர்கிற சறுக்குக் கட்டைகளிலும் அதே எண் இருக்கும். எண்ணுக்கு எண் சேர்த்து, முதலில் திருகுகளைத் தளர்வாகப் பூட்டி, தாடைகள் நடுவில் ஒன்றாகக் கூடுகின்றனவா என்று பார்த்த பிறகே இறுக்க வேண்டும். வேறொரு செட்டிலிருந்து ஒரு தாடையைக் கொண்டுவந்து மாட்டினால் வட்டம் கூடாது. புதுத் திருகு கொஞ்சம் நீளமாக இருந்தால் சறுக்குக் கட்டையைத் தாண்டிச் சுருள் பல்லில் போய் இடிக்கும். சாவி பாதியிலேயே முறுக்கிக்கொள்ளும். அதைச் சக்கின் கோளாறு என்று நினைத்து இன்னும் பலமாகத் திருப்பினால் பல்லே போய்விடும்.

பூட்டுமுன் பழைய சக்கைக் கழற்றி பிரஷ் போடுவது நல்லது. மரத்தூளும் அரக்குப் பொடியும் சேர்ந்து சுருள் பல்லுக்குள் கெட்டியாக இறுகியிருக்கும். தாடை எண் சரியாக இருந்தும் வட்டம் கூடாமல் போவதற்கு அந்தக் கெட்டித் தூசியும் ஒரு காரணம்.

கேட்டால் சொல்லுவேன், சொப்புக்கு இந்தச் சக் தேவையில்லை. ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் கடைகிறவருக்குக் குவளையும் சுத்தியலும்தான் வேகம். சாவியைத் திருப்பித் திருப்பி இறுக்குகிற நேரத்தில் ஒரு உலக்கை முடிந்துவிடும். பிளாஸ்டிக் சொப்போடு விலையில் மல்லுக்கட்டுகிற தொழிலில் அந்த நேரம் காசு. நாலு ஜா சக் போட்ட காசுக்குப் பலன் தருவது வேறு இடத்தில்: பெரிய கிண்ணம், மூடி போட்ட டப்பா, விளக்குத் தண்டு. மரம் விலை ஏறிவிட்ட இந்த நாளில், குவளைக்குள் வீணாகிற துண்டு அதில் மிச்சப்படும். அடிப்பக்கத்தையும் திருப்பிப் பிடித்து வழவழவென்று முடிக்கலாம்.

அப்படி ஒரு பட்டறை வைத்திருந்து புதுத் தாடை வாங்கப் போகிறீர்கள் என்றால், பழைய சக்கின் முகத்தைத் துடைத்து, பொறித்திருக்கிற கம்பெனிப் பெயரையும் மாடலையும் குறித்துக்கொள்ளுங்கள். திருகுத் துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை வெர்னியரால் அளந்து எடுத்துப் போங்கள். அதே கம்பெனித் தாடை என்றால் வாங்குங்கள். துளை சேரவில்லை என்றால் அதை அரம் போட்டு நீட்டி மாட்டாதீர்கள். சுழலும்போது கழன்று வருகிற தாடைக்கு எதிரே நிற்பது நீங்கள்தான். அந்தக் காசைச் சேர்த்துவைத்துப் புதுச் சக்கே வாங்கிவிடுங்கள்.