சீனர் கடைச் சொற்களும் நம் தமிழும்

சி ரூசாவில் போர்ட்டிக்சன் பல்தொழிற்கல்லூரி அமைந்திருக்கிறது. செரம்பானில் ராஜா மெலேவார் ஆசிரியர் கல்விக் கழகம் இருக்கிறது. தோட்டப் பள்ளிகளில் ஆறாண்டு தமிழ் வழியே பயின்று, இடைநிலைப் பள்ளியையும் கடந்து இவ்வகைக் கல்லூரிகளுக்கு வந்து சேரும் நம் பிள்ளைகள், வீட்டுச் சோற்றை விட்டு நாள்தோறும் வெளியில் உண்ணத் தொடங்குகின்றனர். அவர்கள் செல்லும் இடங்களுள் ஒன்று சீனர் நடத்தும் கோப்பிக்கடை. அங்கே வழங்கும் பெயர்கள் அவர்கள் பேச்சில் ஏறுகின்றன. பேச்சிலிருந்து எழுத்திலும் இறங்குகின்றன.

'நண்பர்களோடு சீனர் கடைக்குச் சென்று மீ சாப்பிட்டேன்' என்று ஒரு மாணவன் கட்டுரையில் எழுதுகிறான். திருத்தும் ஆசிரியர் என்ன செய்தல் வேண்டும்? 'மீ' தமிழன்று என்று சிவப்பு மையால் அடித்து, மேலே 'நூடுல்ஸ்' என்று எழுதுவோர் உளர். நூடுல்ஸ் என்பது ஆங்கிலம்; ஆங்கிலமும் அதனை ஜெர்மன் மொழியிலிருந்து கடன் வாங்கியது. சீனர் சமைத்த உணவின் சீனப் பெயரை விலக்கி, அவ்வுணவைச் சமைத்தறியாத ஜெர்மானியரின் சொல்லை நம் பிள்ளையின் ஏட்டில் ஏற்றுவதனால் தமிழுக்கு என்ன ஆக்கம்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு முன், அச்சொற்கள் எவை, அவற்றின் பொருள் யாது என்பதை அறிந்துகொள்வோம்.

பெயரும் பொருளும்

இந்நாட்டுக் கோப்பிக்கடைச் சொற்களுட் பல, தென்சீனத்து ஃபூஜியன் மாநிலத்தாரின் ஹொக்கியன் மொழியைச் சேர்ந்தவை. 'மீ' என்பது கோதுமை மாவினால் இழைத்தது. 'பீஹூன்' என்பதில் 'பீ' அரிசி, 'ஹூன்' மாவு. அரிசி மாவை மெல்லிய இழையாகப் பிழிந்து உலர்த்தியது அது. நம் இடியப்பத்திற்கு உறவு என்னலாம். இதனை 'மீஹூன்' என்றும் வழங்குவர். முதலில் 'மீ' என்னும் ஒலி வருதலால் அதனைக் கோதுமை உணவு என்று மயங்குதல் கூடாது. அரிசியை விலக்கி நோன்பிருப்பார் பீஹூனையும் விலக்க வேண்டியவரே.

'கொய்தியாவ்' என்பதும் அரிசி உணவே. 'கொய்' அரிசிப் பணியாரம். 'தியாவ்' நீண்ட கீற்று. அவித்த அரிசி மாவுத் தகட்டைக் கீற்றாக அரிந்தது என்பது பொருள். முன்னால் 'சார்' என்னும் சொல் சேர்ந்தால் வாணலியில் வறுத்தது என்று அறிக. 'கோப்பி ஓ' என்று கேட்கும் பிள்ளைகளுட் பலர் அந்த 'ஓ'வை ஆங்கில எழுத்தென்று எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அது ஹொக்கியன் சொல். கறுப்பு என்பது பொருள். பால் சேராத கோப்பி ஆதலின் அப்பெயர் பெற்றது. சர்க்கரையும் வேண்டாதவர் 'கோசோங்' என்று சேர்த்துச் சொல்வர். அது வெறுமை என்னும் பொருள்தரும் மலாய்ச்சொல். 'கோப்பி ஓ கோசோங்' என்னும் ஒரு தொடரில் இரண்டு மொழிகள் அடுத்தடுத்து நின்று வேலை செய்கின்றன.

'பாவ்' என்னும் சொல்லும் கருதத்தக்கது. பொதிதல், பொதிந்தது என்பது அதன் பொருள். மாவுக்குள் பண்டத்தைப் பொதிந்து ஆவியில் அவித்தது பாவ். சிவப்புத் தாளில் பணத்தைப் பொதிந்து கொடுப்பது 'அங்பாவ்'. 'அங்' என்றால் சிவப்பு. தீபாவளியன்று நாம் வேறு நிற உறைகளில் கொடுத்தாலும் பெயரளவில் அவையும் சிவப்பு உறைகளே. உணவைக் கட்டிக்கொண்டு போவது 'தாப்பாவ்'. மூன்றிலும் உள்ளது ஒரே 'பாவ்'.

தவுகேயும் தவுக்கேயும்

சீனர் கடையில் முளைவிட்ட பயறு 'தவுகே'. கடையின் முதலாளி 'தவுக்கே'. ஒன்றை மற்றொன்றாகச் சொல்லிவிட்டால் முதலாளியை வறுத்துத் தரும்படி கேட்டதாக முடியும். முன்னதில் 'தவு' என்பது பயறு. 'கே' என்பது முளை. தவுஃபூ என்பதிலும் இருப்பது அதே பயறுதான். பின்னதிலோ 'தவு' என்பது தலை. 'கே' என்பது வீடு, குடும்பம். குடும்பத்துக்குத் தலையாக இருப்பவர் முதலாளியாயினார். நாமும் தலை என்னும் சொல்லிலிருந்தே தலைவன் என்று ஆக்கிக்கொண்டோம் அல்லவா?

இவ்விரு சொற்களையும் பிரித்துக் காட்டத் தமிழ் எழுத்துக்கு எவ்வகை இடர்ப்பாடும் இல்லை. ஹொக்கியனில் முன்னதன் ககரம் மெலிந்தொலிக்கும். பின்னதன் ககரம் வலிந்தொலிக்கும். தமிழிலும் உயிருக்கிடையே தனித்து வரும் வல்லெழுத்து மெலிந்தும், இரட்டித்து வருவது வலிந்தும் ஒலித்தல் இயல்பு. பகல், பக்கம் என்பனவற்றை ஒலித்துப் பார்த்தால் இது விளங்கும். ஆதலால் ஒற்றின்றித் தவுகே என்றும், ஒற்றிட்டுத் தவுக்கே என்றும் எழுதினால் போதும். கூடுதல் எழுத்தோ குறியோ வேண்டுவதில்லை. ஒற்றின் அருமையை வகுப்பில் விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டா. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கற்பார்கள்.

தேநீரின் பிறப்பு

'மீ' தமிழன்று என்று அடிக்கும் ஆசிரியரும் தேநீர் என்பதை அடிப்பதில்லை. தேநீர் என்பதில் நீர் நம்முடையது, 'தே' ஹொக்கியனுடையது. அக்கடற்கரையோடு வணிகம் செய்த ஒல்லாந்தர் வாயிலாக அச்சொல் ஐரோப்பிய மொழிகளுட் பலவற்றுக்குச் சென்றது. மலாயிலும் அது 'தே'தான். தமிழ் அதனை ஏற்று, இலையைச் சேர்த்துத் தேயிலை என்றும், நீரைச் சேர்த்துத் தேநீர் என்றும் தன் வழக்குக்கு இசைய அமைத்துக்கொண்டது. சீனத்தின் பிற பகுதிகளில் வழங்கிய 'சா' என்னும் வடிவம் பாரசீகத்தின் வழியே இந்தியாவுக்கு வந்து, கேரளத்திலும் தமிழகத்தின் தென்கோடியிலும் 'சாயா' ஆயிற்று. இரும்பு வாணலியைச் சீனச்சட்டி என்று நம்மவர் அழைத்ததும் இவ்வகை உறவின் அடையாளமே.

ஹொக்கியன் பேசுவோரின் பழம்பதிகளுள் ஒன்று சுவான்சௌ என்னும் துறைமுக நகரம். தமிழ் வணிகர் அந்நகரில் வாழ்ந்தனர் என்பதற்கும், சிவபெருமானை வழிபட்டனர் என்பதற்கும் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சான்றாக நிற்கிறது. பின்னர், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கையின் காலித் துறையில் நிறுத்திய கல், 1409-ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் பொறிக்கப்பட்டது. அதன் தமிழ்ப்பகுதி தெனவரை நாயனாருக்கு அளித்த காணிக்கையைக் கூறுகிறது. அக்கல் 1911-இல் கண்டெடுக்கப்பட்டது. ஆகவே, சீனரும் தமிழரும் ஒருவரையொருவர் அறிந்தது இந்நாட்டுக் கோப்பிக்கடையில் தொடங்கியதன்று.

கெடாய் கோப்பி

நம் மாநிலத்தில் இரு சாராரும் அருகருகே குடியேறிய வரலாறும் நினைக்கத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டில் லுக்குட்டிலும் சுங்கை ஊஜோங்கிலும் ஈயம் தோண்டச் சீனர் வந்தனர். அவருள் ஹக்கா மக்கள் பலர். பின்னாளில் கோலாலம்பூரின் கப்பித்தானாக விளங்கிய யாப் ஆ லோய், இளமையில் லுக்குட்டு ஈயச் சுரங்கமொன்றில் சமையற்காரராக இருந்தவர் என்பது அவர் வரலாறு. 1891-இல் செரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்து இருப்புப்பாதை திறக்கப்பட்டது. ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது தமிழ்த் தொழிலாளர் திரளாக வந்தனர். ஹைனான் தீவினர் மற்றச் சீனர்க்குப் பிற்பட்டு வந்தமையால் பிற தொழில்களில் இடம் பெறுதல் அரிதாயிற்று. ஐரோப்பியர் இல்லங்களில் சமையல் செய்து, பின்னர்க் கோப்பிக்கடை வைத்துப் பெயர் பெற்றனர்.

அக்கடையைச் சீனர் 'கோப்பித்தியாம்' என்பர். 'தியாம்' என்றால் கடை. கடைவாயிற் பலகையில் மலாயில் 'கெடாய் கோப்பி' என்று எழுதியிருக்கும். அந்தக் 'கெடாய்' நம் கடையே! தமிழ் வணிகர் மலாய்க்கு அளித்த கடை, கப்பல், பெட்டி, முதல் முதலிய சொற்கள் கெடாய், காப்பால், பெத்தி, மோடால் என அம்மொழியில் வாழ்கின்றன. மலாய் மக்கள் அவற்றை அயற்சொல் என்று அடிக்கவில்லை. சீன முதலாளி தம் தொழிலுக்குத் தமிழ்ச் சொல்லைத் தலைவாயிலில் மாட்டியிருக்க, உள்ளே சென்ற நாம் அவர் உணவின் பெயரை மட்டும் எழுத மறுப்பது முறையாகுமா?

உண்பார் அறிய வேண்டுவன

சொல்லின் பொருளை அறிதல் கட்டுரைக்கு மட்டும் பயன்படுவதன்று; வயிற்றுக்கும் வழக்கத்துக்கும் பயன்படுவது. செரம்பான் மாட்டிறைச்சி மீக்குப் புகழ் பெற்ற நகரம். மீ என்ற அளவில் கேட்டுவிட்டு, வந்ததை விலக்கவும் மாட்டாமல் உண்ணவும் மாட்டாமல் விழிப்பவர் உண்டு. வறுத்த கொய்தியாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது பழைய முறை. 'சார் சியூ பாவ்' என்பதில் பொதிந்திருப்பது பன்றியிறைச்சி. உடன் வரும் இஸ்லாமிய நண்பருக்காகவும் இவற்றை அறிந்திருத்தல் நன்று. ஐயமிருப்பின் முன்னரே கேட்பதில் நாணம் வேண்டா.

புலால் உண்ணாதார்க்குச் சீனரின் சைவ உணவுக் கடைகள் உள்ளன. சீனருள் பலர் தம் திங்கட் கணக்கின் முதல் நாளிலும் 15-ஆம் நாளிலும் புலால் நீக்குவர். முதல் நாள் நம் அமாவாசையை ஒட்டியது; 15-ஆம் நாள் முழுநிலவை ஒட்டியது. பௌத்த மரபைப் பேணும் கடைகளில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேரா. ஆயினும் அங்கே உணவுப் பட்டியலில் கோழி, மீன் என்று எழுதியிருக்கக் கண்டு நம்மவர் திடுக்கிடுவது உண்டு. அவை சோயாப் பயற்றாலும் கோதுமைப் பசையாலும் அவ்வடிவில் செய்தவை. பெயர்தான் புலால், பொருள் சைவம்.

ஏற்பனவும் விடுவனவும்

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். நம் இலக்கணம் சொல்லை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைப்படுத்தியது. தமிழ் வழங்காத நிலங்களிலிருந்து வந்து வழங்கும் சொற்களையும் திசைச்சொல்லுள் அடக்கினார் நன்னூலார். மீ, பீஹூன், கொய்தியாவ், தவுகே முதலியன இந்நாட்டுத் தமிழின் திசைச்சொற்களாதற்குத் தகுதி உடையன. பொருளும் பெயரும் ஒருங்கே வந்தன. அப்பொருளுக்கு நம்மிடம் முன்பு பெயர் இல்லை. இழையுணவு, நூலப்பம் என்று புதிது புனையலாம். ஆனால் கடையில் பிள்ளை ஒரு பெயரையும், ஏட்டில் வேறொரு பெயரையும் வழங்க நேர்ந்தால், தமிழ் என்பது தேர்வுத்தாளில் மட்டும் எழுதும் மொழி என்னும் எண்ணம் அப்பிள்ளையின் உள்ளத்தில் வேரூன்றிவிடும். அவ்விழப்பு ஓர் அயற்சொல்லால் வரும் இழப்பினும் பெரிது.

ஆயினும் வந்த சொல் அனைத்துக்கும் கதவைத் திறந்துவிடுதல் தகாது. கோழியை 'ஆயாம்' என்றும், மீனை 'ஈக்கான்' என்றும், முட்டையைத் 'தெலோர்' என்றும் நம் பிள்ளைகள் தமிழ்ப் பேச்சினிடையே சொல்லக் கேட்கிறோம். இவை புதுப் பொருள்கள் அல்ல. நம் அடுக்களையில் என்றும் இருந்தவை. இங்கே அயற்சொல் வந்து வெற்றிடத்தை நிரப்பவில்லை. இருந்த சொல்லை வெளியேற்றுகிறது. 'தாப்பாவ் பண்ணுங்கள்' என்பதும் அத்தகையதே. கட்டுச்சோறு கட்டிய இனத்தார்க்குக் 'கட்டிக் கொடுங்கள்' என்று சொல்ல வாய் வராமற் போகலாமா? சீன முதலாளியிடம் அவருக்கு விளங்கும் சொல்லைச் சொல்லட்டும். தம் வீட்டிலும் தமிழ்க் கட்டுரையிலும் கட்டிக் கொடுத்தலும் பொட்டலமும் நிலைக்கட்டும்.

சிவப்பு மை இறங்க வேண்டிய இடம் எது என்பது இதனால் விளங்கும். 'மீ சாப்பிட்டேன்' என்பதை விட்டுவிடலாம். 'ஈக்கான் சாப்பிட்டேன்' என்பதைத் திருத்தியே ஆகவேண்டும். புதிய பொருளோடு வந்த பெயரைத் தமிழ் எழுத்தில், வலிமெலி பிறழாமல் எழுதப் பழக்குவோம். ஹகர எழுத்தை விரும்பாதார் பீகூன் என்று எழுதினும் இழுக்கில்லை. ஒருவர் ஒரு கட்டுரையில் ஒரே வடிவைக் கையாண்டால் சரி.

ஆசிரியர் அன்பர்கள் ஐந்தாம், ஆறாம் ஆண்டு வகுப்புகளில் இதனை ஒரு பயிற்சியாகவே செய்து பார்க்கலாம். ஒரு வாரத்தில் தாம் உண்டவற்றின் பெயர்களையெல்லாம் பிள்ளைகள் எழுதி வரட்டும். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, நம்மிடம் முன்பே பெயர் உள்ளவற்றை ஒரு பக்கமும், பொருளோடு பெயரும் வந்தவற்றை மறுபக்கமும் அவர்களே நிரப்பட்டும். ஒவ்வொரு சொல்லும் எம்மொழியது, என்ன பொருளது என்று வகுப்பில் பேசட்டும். சில சொற்களுக்கு எப்பக்கம் உரியது என்று பிள்ளைகளிடையே வழக்கு எழும். அவ்வழக்கைத் தமிழிலேயே பேசித் தீர்க்கும்போது, அவர்கள் உண்ணும் உணவும் வாழும் ஊரும் தமிழில் எழுதத் தக்கவை என்பதை அவர்கள் தாமே உணர்வார்கள்.