புது டயர் முன்னாடியா... பின்னாடியா?

போன மழை சீசன்ல மாமாவோட கார்ல குன்னூர் மலைப்பாதையில போய்ட்டு இருந்தோம். ஒரு வளைவில் மாமா லேசா பிரேக்கைத் தொட்டாரு... அவ்வளவுதான்! காரோட பின்பக்கம் விருட்டுனு சுத்திடுச்சு. தடுப்புச் சுவர் புண்ணியத்தில் தப்பிச்சோம்.

"போன வாரம்தானேடா முன்னாடி ரெண்டு டயரும் புதுசு போட்டேன்!" - மாமா புலம்பினாரு.

வில்லனே அதுதான் பாஸ்! பின்னாடி இருந்த ரெண்டும் மொட்டை டயர்.

ஈர ரோட்டில், டயருக்கு அடியில் இருக்கும் தண்ணீரை வெளியே தள்றது டயர் பள்ளங்கள்தான். அது தேய்ஞ்சுட்டா, வேகமா போகும்போது டயர் தண்ணீர் மேலேயே மிதக்கும். இதுக்குப் பேர் 'ஹைட்ரோபிளேனிங்'. முன் டயர் வழுக்கினா ஸ்டீயரிங் லேசாகி சிக்னல் கொடுக்கும். ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தா, பிடி திரும்ப வாய்ப்பு உண்டு. பின் டயர் வழுக்கினா? சிக்னலே கிடையாது. கார் பம்பரம்தான்!

அதனால, ரெண்டு டயர் மட்டும் மாத்தினா புதுசு பின்னாடிதான். முன்சக்கரம் இழுக்கிற காருக்கும் இதே ரூல்தான். மிஷெலின் மாதிரி டயர் கம்பெனிகளே இதைத்தான் சொல்றாங்க.

ரேடியலையும் பழைய நைலான் டயரையும் கலந்து போடறது இன்னும் டேஞ்சர். முன்னாடி ரேடியல், பின்னாடி நைலான்னா, வளைவில் பின்பக்கம்தான் முதலில் பிடியை விடும். பிரிட்டனில் இந்தக் கூட்டணிக்கு சட்டத்திலேயே தடை!

செக் பண்றது ஈஸி. டயர் பள்ளத்துக்குள்ளே குட்டி குட்டி மேடு இருக்கும். டயர் தேய்ஞ்சு அதுக்குச் சமமாயிட்டா, மிச்சம் 1.6 மி.மீ.தான். உடனே மாத்திடுங்க.

மாமா மறுநாளே புதுசு ரெண்டையும் பின்னாடி தள்ளி, முன்னாடிக்கு இன்னும் ரெண்டு வாங்கிட்டாரு. பில்லைப் பார்த்து முணுமுணுத்தவர்கிட்ட அத்தை சொன்னாங்க: "ஆஸ்பத்திரி பில்லைவிட கம்மிதான்!"