சுங்குடி ஒன்று, கோலம் பல

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், காந்திகிராமத்தை ஒட்டி இருக்கிறது சின்னாளபட்டி. சுங்குடிச் சேலைக்குப் பேர்போன ஊர். அங்கே எந்தக் கடைக்குள் போனாலும், அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு சேலையை விரித்த மறுநிமிடம் வாங்க வந்தவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இதுக்கு என்ன ஜாக்கெட் போடலாம்?" கடைக்காரர் பதில் சொல்ல மாட்டார். நாலு ஜாக்கெட் துணியை எடுத்து ஒவ்வொன்றாகச் சேலைமேல் வைத்துக் காட்டுவார். இலைப்பச்சையை வைத்ததும் அரக்கு கொதித்துச் சிவக்கும். ஆரஞ்சை வைத்தால் அதே அரக்கில் சிவப்பு வடிந்துபோய் லேசாக ஊதா தட்டும். கறுப்பை வைத்தால் சேலையே ஒரு படி வெளுத்தது போல இருக்கும்.

சாயம் மாறவில்லை, வெளிச்சமும் மாறவில்லை. அப்படியானால் மாறியது எது?

இதே சிக்கலோடு போராடியவர் மிஷெல் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸில் கோபெலின் என்ற புகழ்பெற்ற திரைச்சீலைத் தறிக்கூடம் உண்டு. 1824-ல் அதன் சாயப்பட்டறைக்குத் தலைவராக வந்தார். கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை, நீலத்துக்குப் பக்கத்தில் நெய்தால் வெளிறிப் போகிறது என்று அவருக்குப் புகார் வந்தது. நூலைச் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பார்க்கிற கண்ணில்தான் விஷயம் இருக்கிறது என்று பிடித்துவிட்டார். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நிறங்கள், ஒன்றை ஒன்று தனக்கு எதிரான நிறத்தின் பக்கம் தள்ளுகின்றன. 1839-ல் இதைப் பெரிய நூலாகவே எழுதி வெளியிட்டார்.

நம் விழித்திரை நிறத்தைத் தனியாக எடைபோட்டுச் சொல்லும் தராசு அல்ல. அதில் உள்ள நரம்பணுக்கள் அண்டையில் இருப்பவற்றோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மிகைப்படுத்தித்தான் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. பச்சை ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சேலை, பச்சைக்கு எதிரான சிவப்பின் பக்கம் நகர்கிறது. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தால் நீலத்தின் பக்கம் நகர்கிறது. ஆக, ஜாக்கெட்டை மாற்றும்போது கண்ணைப் பொறுத்தவரை சேலையையே மாற்றிவிடுகிறோம்.

சுங்குடியில் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொள்கிறது. சுங்குடி என்றால் புள்ளிதான். துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டுக்குள் சாயம் போகாது. காய்ந்தபின் அவிழ்த்தால் வெள்ளையாக ஒரு சின்ன வளையம். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் கட்டுப் போட வேண்டும். இந்தக் கைப்பாடு பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் செய்ததுதான். இப்போது மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும் அதிகம். ஆனால் கைக்கட்டில் எந்தப் புள்ளியும் அடுத்ததைப் போல இருக்காது. அச்சுச் சேலையில் எனக்கு அந்த நிறைவு கிடைப்பதில்லை.

புள்ளி இவ்வளவு சின்னதாகும்போது ஷெவ்ரல் சொன்ன விதி தலைகீழாகிறது. பெரிய பரப்புகள் ஒன்றை ஒன்று விலக்கும். பொடிப் புள்ளிகளோ தரையின் நிறத்தோடு கலந்துவிடும். ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஃபான் பெட்சோல்ட் என்பவர் இதைக் கவனித்து 1874-ல் எழுதினார். விரிப்பு வடிவமைக்கும்போது ஒரே ஒரு நிறத்தை மாற்றினால் மற்ற எல்லா நிறமும் மாறித் தெரிவதை அவர் கண்டிருந்தார். நல்ல பார்வை உள்ள கண்ணுக்கு இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி ஏறக்குறைய ஏழு மீட்டர் தூரம் வரைதான் பிரிந்து தெரியும். அதைத் தாண்டினால் அரக்கும் வெள்ளையும் கலந்து வேறொரு நிறம். தெருவின் அந்தப் பக்கம் நிற்பவர் பார்க்கும் சேலையும் பக்கத்தில் நிற்பவர் பார்க்கும் சேலையும் ஒன்றல்ல.

நிறம் போகட்டும். கட்டுக்கு வருவோம்.

சேலை என்பது ஐந்தரை மீட்டர் நீளத்தில் ஒரு நீள்சதுரம். தையல் இல்லை, பித்தான் இல்லை. அது எப்படி உடம்பில் நிற்கிறது? மடிப்பு எப்படிக் கலையாமல் இருக்கிறது? இதற்கு விடை ஒரு நூலிழைக்குள்ளே இருக்கிறது. பருத்தி நூல் ஒன்றில் தலைமயிரைவிட மெல்லிய பஞ்சிழைகள் பல முறுக்கிக் கிடக்கின்றன. நூறு இழை என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறும் ஒட்டி ஒரே கம்பியாகிவிட்டால், அதை வளைக்க நூறு மடங்கு அதிக விசை வேண்டும். இழைகள் ஒட்டாமல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு தனித்தனியாக வளைவதால்தான் துணி துணியாக இருக்கிறது, தகடாக ஆகவில்லை.

இப்போது கஞ்சி போடுவது எதற்கு என்று விளங்கும். வடித்த கஞ்சியில் உள்ள மாவுச்சத்து, இழைகளுக்கு இடையே அங்கங்கே பசையாகப் பிடித்துக்கொள்கிறது. நூறு இழையும் பாதி ஒட்டி, பாதி ஒட்டாத நிலை. துணிக்கு ஒரு விறைப்பு வருகிறது. கொசுவம் விசிறிபோல வைத்த இடத்தில் நிற்கிறது. கஞ்சி கூடினால் சேலை அட்டையாகிவிடும், குறைந்தால் மடிப்பு தொய்ந்துவிடும். அளவு தெரிந்து கரைத்த நம் பெண்களின் கைக்கு இந்த விஞ்ஞானம் எந்தப் புத்தகமும் வருமுன்பே தெரிந்திருந்தது. மான்செஸ்டரில் பருத்தி ஆராய்ச்சி செய்த பியர்ஸ் என்பவர் 1930-ல்தான் துணியின் விறைப்பை எண்ணால் அளக்க வழி சொன்னார். வழி எளிது: ஒரு துண்டுத் துணியை மேசை விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். எவ்வளவு நீளம் வெளியே வந்தபின் அது குறிப்பிட்ட சரிவுக்குத் தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். கஞ்சி போட்ட சுங்குடி அதிக தூரம் நீட்டிக்கொண்டு நிற்கும். துவைத்துத் துவைத்து நைந்த சேலை சட்டென்று தலை கவிழும்.

இடுப்பில் நிற்பதற்குக் காரணம் வேறு. கயிற்றைக் கம்பத்தில் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் பிடிமானம் கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும் என்று 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கணக்குப் போட்டார். பருத்திக்கும் பருத்திக்கும் இடையிலான உராய்வு எண்ணை 0.3 என்று குறைவாகவே வைத்தாலும், ஒரு முழுச் சுற்றுக்குப் பிடி ஆறரை மடங்கு, இரண்டு சுற்றுக்கு நாற்பது மடங்குக்கு மேல். மனித இடுப்பு கம்பம் அல்ல, கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் நாடாவுக்குள் நாலு விரல் செருகிய துணி, நாற்று நடும்போதும் அவிழாததற்கு அடிப்படை இந்தப் பெருக்கல்தான்.

நடுகிற பெண்களைப் பார்த்தால் இன்னொன்று தெரியும். வயதான சிலர் இன்னும் பின்கொசுவம் கட்டுகிறார்கள். மடிப்பு முழுக்க முதுகுப் பக்கம். மேல்நுனி இடுப்புக்கு வெளியே விரிந்து நிற்கும். முந்தி மார்பைச் சுற்றி வந்து இடுப்பில் செருகியிருக்கும். குனிந்து வேலை செய்பவருக்கு முன்னால் கொசுவம் இருந்தால் காலில் மிதிபடும், சேற்றில் நனையும். பின்னால் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை, எட்டு வைக்கவும் தாராளம். அந்த முந்தியையே சுருட்டித் தலையில் வைத்தால் சும்மாடு. சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டினால் நூறுநாள் வேலைக்கான உடுப்பு. மாலையில் அதே சேலைக்கு முன்கொசுவம் வைத்து, முந்தியை மடித்துத் தோளில் ஊக்குக் குத்தினால் கல்யாண வீட்டுக்குப் போகலாம். மடிசாருக்கு மட்டும் ஐந்தரை மீட்டர் போதாது. அதற்கென்றே ஒன்பது கஜத்திலும் சுங்குடி உண்டு.

காலங்காலமாக வருவது என்று நாம் நினைக்கும் இந்த முன்கொசுவ பாணிக்கே வயது அதிகமில்லை. உள்பாவாடை, ரவிக்கையோடு கட்டும் முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர், 1860-களில் பம்பாயில் வாழ்ந்த வங்கப் பெண்மணி ஞானதாநந்தினி தேவி. ஊக்கும் அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் 1849-ல் கண்டுபிடித்ததுதான்.

ஜப்பானியர்களின் கிமோனோவும் நம் சேலைக்கு உறவு. ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே சுருளை, வளைவே இல்லாமல் நேராக வெட்டித் தைப்பார்கள். உயரம் குறைந்தவர் இடுப்பில் அதிகம் மடித்துக்கொள்வார். ஒரு கிமோனோவுக்கு மூன்று இடுப்புப் பட்டை என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. நம் ஊரில் அதை ஒரு சேலைக்கு மூன்று ஜாக்கெட் என்று சொல்லலாம். அதோடு ஒட்டியாணமும் சேர்ந்தால் நாலாவது சேலை.

சேலை கட்டும் முறைகளைத் தேடி ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் கற்றுக்கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுகளைப் படம் போட்டு 1997-ல் நூலாக்கியவர் ஷாந்தல் பூலான்ஜே என்ற பிரெஞ்சு மானுடவியலாளர். அதில் தமிழ்நாட்டுக் கட்டுகளும் கணிசமாக உண்டு. ஒரு வெளிநாட்டவர் தேடி வந்து கற்றதை நாம் வீட்டுக்குள்ளேயே கற்கலாம். சுங்குடி வாங்கப் போனால் ஜாக்கெட் துணியைக் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் சேலைமேல் வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் பின்கொசுவம் கட்டத் தெரிந்த பாட்டியோ அப்பத்தாவோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பழைய சுங்குடியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.