சாந்தோம் துணியும் சாமுராய் உடையும்

மயிலாப்பூர் லஸ் முனையிலோ தியாகராய நகர் பாண்டி பஜாரிலோ ஓர் இளைஞர், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மடிப்பு மடிப்பாக விழும் அகன்ற கால்சட்டையும், பை போலத் தொங்கும் கைகளையுடைய மேலங்கியும் தரித்துக்கொண்டு நின்றால், வழியே போகிறவர்கள் இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். "எந்த நாடகத்துக்குத் தம்பி புறப்பாடு?" என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. நாடகம் அன்று. ஜப்பான் தேசத்துச் சாமுராய்கள் உடுத்திய உடையை வாங்கியும் தைத்தும் அணிந்து மகிழ்வது இன்று நமது நகரில் ஒரு சிறு கூட்டத்தாரின் பொழுதுபோக்காகிவிட்டது.

இந்த மோகம் எங்கிருந்து வந்தது என்று தேட வெகுதூரம் போக வேண்டாம். அய்கிடோ, கெண்டோ முதலிய ஜப்பானியப் போர்க்கலைகளைப் பயில்கிறவர்களுக்கு இந்த உடை பயிற்சிக்கே உரியது. ஜப்பானிய பாஷை கற்றுக்கொள்ளும் மாணவர்கள் சிலருக்கு மொழியோடு உடையிலும் பிரியம் பிறக்கிறது. எஞ்சிய பெரும்பாலோர் சித்திரக்கதைகளாலும் சலனச் சித்திரங்களாலும் கவரப்பட்டவர்கள். 'காமிக் கான்' என்னும் சித்திரக்கதைத் திருவிழா 2024-ஆம் வருஷம் பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. சென்னைக்கு அது முதல் தடவை. கதாபாத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு வருவது அத்திருவிழாவின் சம்பிரதாயம். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ்க் குரலிலேயே நமது கொட்டகைகளில் ஓடிற்று. அதன் கதாநாயகன் அணியும் பச்சையும் கறுப்புமான கட்டம் போட்ட அங்கியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அடையாளம் சொல்லுவார்கள்.

வீட்டில் இதற்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. "நம்முடைய வேட்டியைக் கட்டிக்கொள்ளத் தெரியாத பிள்ளைக்கு ஜப்பான்காரன் உடுப்பு எதற்கு?" என்பது தந்தையாரின் கேள்வி. "காசைக் கொடுத்து அன்னிய தேசத்து நைலான் துணியை வாங்குவானேன்?" என்பது தாயாரின் கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகளே. கைத்தறியையும் சுதேசித் துணியையும் மதிக்கும் குடும்பங்களில் இவை எழாமலிருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் பதில் சொல்லப் புகுந்தால் கதை டோக்கியோவில் ஆரம்பிக்கவில்லை. மயிலாப்பூர்க் கடற்கரையில், சாந்தோமில், ஆரம்பிக்கிறது.

ஜப்பானிய மொழியில் 'ஸாந்தோமே' என்று ஒரு வார்த்தை உண்டு. நெடுகக் கோடு போட்ட மெல்லிய பருத்தித் துணிக்கு அது பெயர். அந்தப் பெயர் நமது சாந்தோமின் பெயரேதான். போர்த்துகீசியர் 1520-களில் மயிலாப்பூர்க் கரையில் குடியேறி, தோமையார் பெயரால் அவ்விடத்தை ஸான் தோமே என்று அழைத்தார்கள். சோழமண்டலக் கரையின் நெசவாளர்கள் நெய்த துணி அவர்கள் கைக்கு வந்து, மலாக்கா, மக்காவ் வழியாக நாகஸாகித் துறைமுகம் சென்றது. நெய்த ஊர்கள் எத்தனையோ இருந்திருக்கும். துணியை மூட்டை கட்டியவன் சொன்ன துறைமுகத்தின் பெயரே வாங்கியவன் வாயில் நிலைத்தது. வியாபாரத்தில் இது சகஜம். கள்ளிக்கோட்டையின் பெயரால் உலகமெல்லாம் 'காலிகோ' என்று ஒரு துணி உலாவவில்லையா?

1639-ஆம் வருஷம் ஜப்பானிய அரசாங்கம் போர்த்துகீசியக் கப்பல்களுக்குக் கதவை அடைத்துவிட்டது. (அதே வருஷத்தில்தான் ஆங்கிலேயர் சாந்தோமுக்கு வடக்கே ஒரு மணல்திட்டை வாங்கிச் சென்னைப் பட்டணத்துக்குக் கால்கோள் செய்தனர் என்பது நினைக்கத்தக்கது.) பிறகு டச்சுக்காரர்களே அந்த வியாபாரத்தை ஏற்று நடத்தினார்கள். பழவேற்காட்டில் அவர்களுக்குக் கோட்டை இருந்தது. நாகஸாகியில் 1641 முதல் தெஜிமா என்னும் சின்னஞ்சிறு தீவு இருந்தது. நமது கரையின் துணி பட்டேவியா வழியாக அந்தத் தீவில் போய் இறங்கியது. போர்த்துகீசியர் போய்விட்டாலும் சாந்தோம் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

அந்தத் துணியில் என்ன விசேஷம் என்று நேயர்கள் கேட்கலாம். ஜப்பானில் பருத்திப் பயிர் பரவியதே பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில்தான். அதற்கு முன்னே சாமானிய ஜனங்களுக்குச் சணல் போன்ற நாரால் ஆன துணி, செல்வர்களுக்குப் பட்டு. இப்படியிருக்க, பட்டைப்போல் மினுமினுக்கும் மெல்லிய பருத்தித் துணி, ஆழ்ந்த நீலத்தில் சிவப்புக் கோடு இழையோட வந்து சேர்ந்தால் யாருக்குத்தான் ஆசை பிறக்காது? அவுரி நீலமும் சாயவேர்ச் சிவப்பும் சோழமண்டலக் கரையின் பெயர்பெற்ற சாயங்கள். பட்டு உடுத்தக் கூடாதென்று வணிகர்களை அரசாங்கம் தடுத்தபோது, பருத்திதான் என்று சொல்லிக்கொண்டே பட்டுக்குச் சமானமான பகட்டைக் காட்ட இத்துணி அவர்களுக்கு உதவியது. கிராக்கி ஏறவே ஜப்பானிய நெசவாளர்கள் தாங்களும் அதைப் போல நெய்யத் தொடங்கினர். அப்போது, கடல்கடந்து வந்த அசலைத் தனியே குறிக்க 'தோஸான்' என்ற பெயர் உண்டாயிற்று. 'ஸான்' என்பது சாந்தோமின் முதலெழுத்து. முன்னால் நிற்கும் 'தோ' சீனத்தையும் பொதுவாக வெளிநாட்டையும் குறிப்பது. அந்த நெசவு இன்னும் அழிந்துபோகவில்லை. சிபா மாகாணத்துத் ததேயாமாவில் இன்றும் தோஸான் நெய்கிறார்கள்.

சாமுராய்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கோட்டுத் துணியைப் பெரிதும் கொண்டாடியவர்கள் பட்டணத்து வணிகர்களும் ரசிகர்களுந்தான். அதை மறைத்துப் பெருமை பேச நாம் விரும்பவில்லை. ஆயினும் சாமுராய்ப் பிரபுக்களின் வீட்டிலும் இந்தியத் துணிக்கு இருந்த மதிப்புக்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஹிகோனே என்னும் ஊரை ஆண்ட ஈயீ வம்சத்தார், நமது நாட்டுச் சித்திரத் துணிகளில் சுமார் 450 துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். இன்று அவை டோக்கியோ தேசியப் பொருட்காட்சிசாலையில் இருக்கின்றன. கலம்காரிச் சித்திரத் துணியில் ஒரு சாண் கிடைத்தாலும் தேநீர்ச் சடங்குக்குரிய சிமிழுக்கு உறை தைத்துக்கொண்டார்கள். கத்தி பிடித்த கைகள் நமது ஊர்த் துண்டுத் துணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டின என்பதை நினைத்தால் சற்றுச் சிரிப்பும் வருகிறது, சற்றுப் பெருமிதமும் வருகிறது.

இனி உடையைப் பார்ப்போம். உள்ளே அணிவது கிமோனோ. அதன்மேல் இடுப்பில் 'ஓபி' என்னும் கச்சை. ஆண்களின் கச்சை ஒடுக்கமானது, நான்கு மீட்டர் நீளமுள்ளது. அதற்கும் மேலே கட்டுவதே ஹகாமா என்னும் மடிப்புக் கால்சட்டை. முன்னால் ஐந்து மடிப்பு, பின்னால் இரண்டு மடிப்பு. குதிரையேறுவதற்காக நடுவே கால் பிரித்துத் தைத்தது ஒரு வகை. பிரிக்காமல் பாவாடை போலத் தைத்தது மற்றொரு வகை. பின்னிடுப்பில் ஒரு சிறு பலகை முதுகை நிமிர்த்தி வைக்கும். பட்டன் கிடையாது, கொக்கி கிடையாது. நான்கு நாடாக்களே எல்லாவற்றையும் தாங்குகின்றன. முன்புறத்து நாடாக்களைச் சுற்றிப் பின்னால் கட்டி, பிறகு பலகையைக் கச்சை முடிச்சின்மேல் பொருத்தி, பின்புறத்து நாடாக்களை முன்னே கொண்டுவந்து முடிய வேண்டும். மேலே 'ஹவோரி' என்னும் அங்கி விருப்பம்போல் அணியலாம். பஞ்சகச்சம் கட்டப் பழகிய கைக்கு இதெல்லாம் பெரிய வித்தையல்ல. ஐந்து இடத்தில் செருகிக் கால் பிரித்துக் கட்டுவதற்கும், ஐந்து மடிப்பு வைத்துக் கால் பிரித்துத் தைப்பதற்கும் நடுவே உள்ள தூரம் சொற்பமே.

இன்னொரு ஒற்றுமை நம்மை அதிகமாகக் கவர்ந்தது. கிமோனோவுக்கென்று நெய்யும் துணி சுமார் 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உடையது. அதை வளைவாக வெட்டுவதே இல்லை. நேர்க்கோட்டில் துண்டுகளாக்கி நேர்த்தையல் போடுகிறார்கள். பழைய வழக்கப்படி வெளுக்கும்போது தையலைப் பிரித்து, துண்டுகளைச் சேர்த்து மறுபடியும் ஒரே நீளத் துணியாக்கித் துவைத்துக் காயவைத்துத் திரும்பத் தைப்பார்கள். துணியை வெட்டி வீணாக்க மனம் வராத ஜாதியார் உலகில் நாம் மட்டும் அல்ல என்பது தெரிகிறது.

வாங்குவதைப் பற்றிச் சில வார்த்தைகள். திருவிழாக்களுக்காக விற்கப்படும் உடைகளில் பெரும்பாலானவை பளபளக்கும் செயற்கை நூலால் ஆனவை. சிவப்பும் தங்கமும் கண்ணைப் பறிக்கும். சென்னை வெயிலில் அரைமணி நேரம் அணிந்தால் உடலோடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். மேலும் அவை சாமுராய்களின் ரசனையே அல்ல. கரு நீலம், சாம்பல், பழுப்பு, மெல்லிய கோடு: இவையே அவர்களுடைய அன்றாட வர்ணங்கள். கறுப்பை நெருங்கும் ஆழ்ந்த நீலத்தைக் 'காசி' என்றார்கள். வெற்றிக்கும் அவர்கள் மொழியில் 'காசி' என்றே பெயராதலால் அந்த நீலத்தில் வீரர்களுக்குத் தனி மோகம். ஜப்பானிலிருந்து பழைய உடைகளைத் தருவிப்பவர்களும் உண்டு. துணி உயர்ந்ததாயிருக்கும், ஆனால் தபால் செலவும் சுங்கமும் சேரும், அளவும் நமக்குச் சரியாக வராது. பட்டானால் நமது புழுக்கத்தில் இரண்டு மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

ஆகையால் நமது யோசனை இதுதான்: துணியை இங்கேயே வாங்குங்கள், இங்கேயே தையுங்கள். 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் காதிக் கடைகளிலும் கோடு போட்ட கைத்தறிப் பருத்தியைத் தேடலாம். அவுரி நீலச் சாயமிட்ட துணி அகப்பட்டால் விட்டுவிட வேண்டாம். ஜப்பானியர் நீலத்துக்குப் பயன்படுத்தும் செடி வேறு, நமது அவுரி வேறு. நீலத்தின் உயிர் ஒன்றுதான். முதல் நாலைந்து சலவைக்குத் தனியே நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டிலுள்ள வெள்ளை வேட்டிகளெல்லாம் வானவர்ணமாகிவிடும். ஹகாமாவுக்கு வேட்டி அகலத்தில் ஐந்து மீட்டருக்குக் குறையாமல் எடுப்பது நல்லது. தையற்காரருக்குப் படத்தைக் காட்டினால் போதாது. மடிப்புகளைக் காகிதத்தில் மடித்துக் காட்டுங்கள். அளவு எடுக்க வேண்டியது நாடா கட்டும் இடத்திலிருந்து கணுக்கால் வரை. தரை கூட்டும் நீளம் வேண்டாம். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் சேரும் இடத்துக்குப் போன பிறகு கட்டிக்கொள்வதே உசிதம். மடிப்புக்கும் சக்கரத்துக்கும் சிநேகம் கிடையாது.

அணிவதில் தவறக் கூடாத விதி ஒன்று உண்டு. கிமோனோவின் இடப்பக்கம் வலப்பக்கத்தின்மேல் வர வேண்டும். மாற்றி அணிவிப்பது இறந்தவர்களுக்கு மட்டுமே. அங்கியில் குலச் சின்னம் பொறிப்பதிலும் விவேகம் வேண்டும். மூன்று இலை கொண்ட தொகுகாவா வம்சத்துச் சின்னத்தை முதுகில் போட்டுக்கொண்டு திரிவது, அடுத்தவர் வீட்டுப் பெயர்ப்பலகையை நமது வாசலில் மாட்டுவது போன்றது. கத்தியைப் பற்றியோ சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட கூரிய அலகுள்ள வாள்கள் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் வருபவை. மரக்கத்தி போதும். ஜப்பானிலேயே 1876-இல் சாமுராய்களின் இடுப்பிலிருந்து வாளை அரசாங்கம் கழற்றிவிட்டது. நாம் ஏன் சுமக்க வேண்டும்?

வாள் போனபின் உடையும் மெள்ள மெள்ளப் பின்வாங்கியது. மேலே நாம் சொன்ன படக்கதை நிகழ்வதே 1912-க்கும் 1926-க்கும் இடைப்பட்ட காலத்தில். அப்போது சாமுராய் என்ற வகுப்பே இல்லை. அந்தக் கதாநாயகனின் கட்டங்களுக்கு 'இசிமத்ஸு' என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் அதை மேடையில் அணிந்து பிரசித்தமாக்கிய நடிகர் ஒருவரின் பெயர் அது. இன்று ஜப்பானிய ஆண்கள் கல்யாணம் போன்ற விசேஷ தினங்களில் ஹகாமா கட்டுகிறார்கள். மறுநாள் கால்சட்டைக்குத் திரும்பிவிடுகிறார்கள். நமது வேட்டியின் நிலைமையும் ஏறக்குறைய அதுவே. 2014-இல் இந்நகரத்து மனமகிழ் மன்றம் ஒன்று, வேட்டி உடுத்தி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்தது. வேட்டியைத் தடுக்கக் கூடாதென்று தமிழ்நாடு சட்டசபை அதே வருஷத்தில் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஆதலால் தந்தையாரின் கேள்விக்கு நாம் சொல்லும் பதில், பையனைத் தடுக்க வேண்டாம் என்பதே. நாடா முடிந்து, மடிப்பு வைத்து, அரை மணி நேரம் பொறுமையாக உடுத்தக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு எட்டு முழ வேட்டி எம்மாத்திரம்? அவனுக்கு அதைக் கட்டக் கற்றுத்தர இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. தாயாரின் கேள்விக்கோ நைலானை விட்டுக் கைத்தறிக்கு வருவதே பதில்.

களைந்த ஹகாமாவைக் கொடியில் போட்டுவிடலாகாது. தரையில் விரித்து, மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவி, மூன்றாக மடித்து, நாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வைக்க வேண்டும். இந்த வேலைக்குக் கால்மணி நேரம் பிடிக்கும். அங்கவஸ்திரத்துக்கு விசிறி மடிப்பு வைக்கத் தெரிந்த பாட்டனார் எவரேனும் வீட்டில் இருந்தால் அவரிடம் கொடுத்துப் பாருங்கள், ஐந்தே நிமிஷம்.