லாரித் தண்ணீருக்கு மீட்டர் வைத்தால்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை எந்த ஊரில் இறங்கிக் கேட்டாலும் தண்ணீருக்கு இரண்டு பெயர்: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. உலை வைக்கவும் குடிக்கவும் நல்ல தண்ணி. அது குடக் கணக்கில் காசு கொடுத்து வாங்குவது. பாத்திரம் கழுவவும் துணி அலசவும் போரில் வரும் உப்புத் தண்ணி. கல்யாணம், கட்டட வேலை, ஹோட்டல் என்று வந்துவிட்டால் குடம் கட்டுப்படியாகாது. “ரெண்டு நடை அடிச்சிருங்கண்ணே” என்று லாரிக்காரருக்கோ டிராக்டர்காரருக்கோ போன் போகும். அந்த நடையில் சரியாக எத்தனை லிட்டர், எந்த ஊர்க் கிணறு என்று கேட்பவர்கள் குறைவு. டேங்க் நிறைந்திருக்க வேண்டும், நாக்கில் வைத்தால் கரிக்கக் கூடாது. அவ்வளவுதான் சோதனை.

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் எழுதி வைக்கும் இடம்தான் லாரி நிரப்பு நிலையம். நகராட்சியோ குடிநீர் வாரியமோ தன் குழாயிலிருந்து, வியாபாரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் வண்டிகளுக்கென்றே தனியாகத் திறந்து வைக்கும் வாய். பெட்ரோல் பங்க் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமைப் பகுதிகளிலும் கனடாவின் புல்வெளி ஊர்களிலும் இது பழகிப்போன ஏற்பாடு. ஓட்டுநர் அட்டையைத் தேய்க்கிறார் அல்லது எண்ணை அழுத்துகிறார், வால்வு திறக்கிறது, மீட்டர் ஓடுகிறது, ரசீது அவர் கணக்கில் ஏறுகிறது. நம் ஊரில் அட்டைக்குப் பதில் டோக்கனும் நோட்டும் ஒரு எழுத்தரும் இருப்பார்கள். அது பெரிய வித்தியாசமில்லை.

உண்மையான நுட்பம் குழாயின் கழுத்தில் இருக்கிறது. அது மேலிருந்து வளைந்து வந்து, டேங்கின் வாய்க்கு மேலேயே நின்றுவிட வேண்டும். தண்ணீருக்குள் முங்கக் கூடாது. எங்கோ குழாய் உடைந்தோ மோட்டார் நின்றோ அழுத்தம் திடீரென்று விழுந்தால், முங்கிக் கிடக்கும் குழாய் உறிஞ்சுகுழல் போலத் திருப்பி இழுக்கும். நேற்று வேறு எதையோ ஏற்றி வந்த டேங்கின் அடித் தண்ணீர், இன்று நாலு தெருவின் குடத்துக்குள் வந்து நிற்கும். அதனால்தான் குழாயின் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது வெறும் காற்று நடுவில் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். தெருக் குழாயில் ஹோஸைச் சொருகி லாரி நிரப்புவதைத் தடுப்பதற்கும் திருட்டு மட்டும் காரணமல்ல, இதுவும்தான். நிரப்பு நிலையத்தில் எனக்குப் பிடித்த பாகம் ஒன்றுமே இல்லாத அந்தச் சாண் இடைவெளி. இந்தப் பக்கத்துக் குடிநீர் ஊரணிகளில் கால் நனைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது என்று வைத்திருந்த கட்டுப்பாடும் இதே கணக்குதான்: எடுக்கும் பாத்திரத்தின் அழுக்கு மூலத்தைத் தொடக் கூடாது.

தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் சென்னைக்குத்தான் போக வேண்டும். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த சென்னைக் குடிநீர் வாரியம், வள்ளுவர் கோட்டம், கீழ்ப்பாக்கம் போன்ற தன் நிலையங்களில் லாரிகளை நிரப்பி அனுப்புகிறது. வண்டிகள் பெரும்பாலும் ஒப்பந்த வண்டிகள், 6,000 லிட்டரும் 9,000 லிட்டரும் பிடிப்பவை. வீட்டுக்காரர் பதிவு செய்து பணம் கட்டினால் லாரி வரும். அதே சாலையில் 12,000, 24,000 லிட்டர் தனியார் டேங்கர்களும் ஓடுகின்றன. அவை நிரம்புவது புறநகரின் வயல் கிணறுகளில். ஒன்றுக்கு நோட்டில் கணக்கு உண்டு, மற்றதற்கு இல்லை.

கணக்கில்லாத பக்கத்தை ஒழுங்குபடுத்த 2014இல் வந்த அரசாணையை உயர் நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தபோது, தனியார் லாரிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. அடுத்த ஆண்டு கோடையில் ஏரிகளே வறண்டன. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து இறங்கியது. 12,000 லிட்டர் லாரியில் அடித்தால் 208 நடை.

விலையைப் பிடிக்க முயன்ற ஊர் பெங்களூரு. 2024 மார்ச்சில் அங்கே மாவட்ட நிர்வாகம் டேங்கருக்குக் கட்டணம் நிர்ணயித்தது: 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய். அதே மாதம் கட்டட வேலைக்குக் குடிநீர் பயன்படுத்தவும் தடை வந்தது. 2025இல் குடிநீர் வாரியமே காவிரி நீரை டேங்கரில் ஏற்றி விற்க இறங்கிவிட்டது.

இப்போது அருப்புக்கோட்டைக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 87 ஆயிரத்துச் சொச்சம். ஆளுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவுகோலை வைத்தால் நாளுக்குச் சுமார் 1 கோடியே 18 லட்சம் லிட்டர் வேண்டும். அருகில் ஓடும் ஆறு இதைத் தராது. திருச்சுழியை ஒட்டிப் போகும் குண்டாறு மழைக்காலத்தில் தலைகாட்டிவிட்டு மணலாய்ப் படுத்துவிடும் ஆறு. குழாயில் வருவது வைகையும் தாமிரபரணியும், அதாவது அடுத்த சீமைத் தண்ணீர். காவிரியை வைகை வழியாகக் குண்டாறு வரை கொண்டுவரும் 262 கிலோமீட்டர் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

12,000 லிட்டர் லாரி ஒன்று 89 பேரின் ஒருநாள் பங்கு. கிராமத்துக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் 55 லிட்டர் அளவில் பார்த்தால் 218 பேர். பத்து நிமிடத்தில் அதை நிரப்பினால் விநாடிக்கு 20 லிட்டர் போகும். விநியோகக் குழாயிலிருந்து நேராக உறிஞ்சினால் கடைசித் தெருவில் காற்றுதான் வரும். நிலையத்துக்குத் தனித் தொட்டி கட்டி, ராத்திரியில் மெதுவாக நிரப்பி வைத்துக்கொண்டு பகலில் லாரிக்கு விட வேண்டும். இதைச் செய்யாமல் வெறும் குழாயை வளைத்துவிட்டால் அதற்கு நிலையம் என்று பெயர் வைப்பதில் அர்த்தமில்லை.

இங்கே முதல் நிலையம் குடிநீருக்கு வேண்டாம் என்பது என் கருத்து. லாரியில் போவதில் ஒரு பங்கு குடிப்பதற்கே அல்ல, கட்டடத்துக்கும் பட்டறைக்கும். உப்புத் தண்ணியில் கலவை போட்டால் கம்பி துருப்பிடிக்கும் என்பது கொத்தனார் அறிந்த விஷயம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதனால்தான் கட்டடக்காரர் நல்ல தண்ணிக்கு ஆள் விடுகிறார். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். அந்த அளவு சிற்றூர்களுக்கு எட்டாது. இருந்தாலும், சுத்திகரித்த கழிவுநீர் கிடைக்கிற ஊரில், உப்பு அளவைச் சோதித்துக்கொண்டு, லாரிக்கு முதலில் காட்ட வேண்டிய வாய் அதுதான்.

எல்லாம் கட்டி முடித்தாலும் லாரி வருமா? தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். வயல் கிணற்றிலிருந்து ஏற்றிவிடுபவருக்கு இறைக்கும் செலவு கிட்டத்தட்ட இல்லை. நிலையத்து மீட்டரில் காசு கட்டி, டீசல் எரித்து வந்து வரிசையில் நிற்க ஓட்டுநருக்குக் காரணம் வேண்டும். கிணற்றுப் பக்கம் கண்காணிப்பு இருக்க வேண்டும், அல்லது வாங்குபவர் ரசீது கேட்க வேண்டும். கல்யாண மண்டபமும் ஹோட்டலும் ரசீது கேட்க ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது.

கேட்க வைப்பதற்கு நிலையத்து வாசலில் ஒரு போர்டு போதும். எந்த ஆற்றுத் தண்ணீர், உப்பு எவ்வளவு, ஒரு நடை என்ன விலை என்று மூன்று வரி. கீழே நாலாவது வரியைச் சாக்பீஸால் தினம் எழுதலாம்: இன்று கடைசித் தெருவுக்குத் தண்ணீர் திறந்த நேரம்.